தொகு

"நான் ஆரு கா இத மாத்த?"
'தொகு' என்ற சொல்வரை போய்த்
திரும்பியது வதனரூபியின் விரல்.

எங்கள் குழு விக்கியில்
ஒல்லாந்துச் சிப்பாய்ச் சட்டைக்கான பக்கம்.
எழுதியவர் ஒஸ்மண்ட் அண்ணன்,
கோட்டை வாசலில் தளபதி,
மற்ற நாளில் ஓட்டோ திருத்துபவர்.

பிழைத்தால் பழையதை எடுக்கலாம்,
பயப்பட இது துவக்கா என்றேன்.
எங்கள் துவக்குகள் வேப்பம்பலகை.
அதற்கே பொலிஸ் கடிதம் கேட்டது.

மறுகா தட்டினாள், ஒற்றை விரலால்,
கல்லடிப் பாலத்தை மூன்று பஸ் கடக்கும் நேரம்:
"கச்சான் காத்துக்குக் கம்பளிக் கழுத்துப்பட்டி ஆகாது.
உள்ளே பருத்தி வைத்துத் தைக்கவும்."

ஆதாரம் என்ற கட்டம் வெறுமையாய்க் கிடந்தது.
புத்தகப் பேர் ஏதும் போடணும் என்றேன்.
பின்னலை ஒதுக்கிக் காட்டினாள்:
வேர்க்குரு, அணிவகுப்பாய்.

"என் கழுத்து. சனிக்கிழமை ஒத்திகை"
என்றே எழுதினாள்.
ஒற்றுப்பிழை இரண்டை மட்டும் திருத்தினேன்.

இரவு அண்ணன் அழித்துவிட்டார்.
காலையில் பார்த்தால்
அந்த வரி திரும்ப இருக்கிறது,
கழுத்தின் படத்தோடு.

அதற்குக் கீழே, மத்தியானம், ஒஸ்மண்ட்:
"எனக்கும்தான்.
விலா வரைக்கும்."