சம்மதத்துக்கு முன்

பல்கலைக்கழகத்துக்கு இன்னும் "வருகிறேன்" என்று சொல்லவில்லை.
அதற்கு இருபத்திரண்டாம் திகதி வரை இருக்கிறது.
விடுதிப் படிவத்துக்குப் பத்தாம் திகதியே கடைசி.
ஆகவே முதலில் கட்டிலைக் கேட்கிறேன்,
பிறகு படிப்பை.

சிரிக்க வேண்டாம்.
பத்தாம் லயத்துக் கலைவதனி போன வருஷம்
முறைப்படிதான் செய்தாள்: முதலில் சம்மதம், அப்புறம் இடம்.
வெளியே அறை பன்னிரண்டாயிரம், மூன்று மாத முற்பணம்.
பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.
இப்போது கொழும்பில் ஓர் உடுப்புக் கடையில்
மற்றவர்களின் அளவைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பொகவந்தலாவையில், கொமினிகேசனில்,
நிஸ்தார் நானா கேள்வியை வாசிப்பார்,
நான் பதில் சொல்வேன்,
பின்னால் நிற்கும் ஏழு பேரும் கேட்பார்கள்.

"நிரந்தர முகவரி?"
நிரந்தரம் என்ற சொல்லில் கொஞ்சம் நின்றேன்.
ஆறாம் லயம், மூன்றாம் காம்பரா, கீழ்ப்பிரிவு.
கம்பனியின் சுவர், கம்பனியின் தகரம்.
தகரம் பறக்காமலிருக்க வைத்த கல் மட்டும்
அப்பா தூக்கியது.
கடிதம் அங்கே வராது. தோட்டத்து ஆபீசில் கிடந்து
கிளாக்கருக்கு ஞாபகம் வருகிற நாளில் வரும்.
"என் கடை விலாசத்தைப் போடு" என்றார் நானா,
சொல்லி முடிக்கும் முன்பே அடித்தும் விட்டார்.
ஆக, இந்த மாதம் நான் நிரந்தரமாக
ஒரு போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் வசிக்கிறேன்.

"வீட்டில் அறைகள்?"
ஒன்று.
"குசினி சேர்த்தா?"
ஒன்று, நானா.
தம்பி இஸ்தோப்பில் படுக்கிறான்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

"தூரம்?"
இதற்காகத்தான் அம்மா அரைப் பேரை இழந்து
கிராம சேவகரிடம் வந்திருந்தாள்.
குறுக்கால் இறங்கினால் பஸ் ரோட்டுக்கு இரண்டு கட்டை.
"அது பாதையே இல்லை, தேயிலை" என்று
ரோட்டைச் சுற்றி எழுதினார் அவர்.
ஒன்பது கிலோமீட்டர் கூடியது.
தூரத்துக்குத்தான் புள்ளி.
டொக்டருக்குத் தூரம், பள்ளிக்கூடத்துக்குத் தூரம்,
பிள்ளைப்பேற்றுக்குத் தூரம் என்று
பிறந்ததிலிருந்து எங்களைத் தின்ற தூரம்
முதல் தடவையாக எங்கள் பக்கம் வந்து நின்றது,
கையெழுத்தோடு, ரப்பர் முத்திரையோடு.

படிவம் போனது. ஓர் இலக்கம் வந்தது.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
வீடு வரும் வரை பஸ்ஸில்
அந்தக் கையால் கம்பியைப் பிடிக்கவில்லை.

கட்டில் கிடைக்காவிட்டால் கல்வியியற் கல்லூரி இருக்கிறது,
படிப்போடு படுக்கையும் சேர்ந்தே வரும்.
ஆனால் நான் படிக்க நினைத்தது மண்சரிவு.
லயத்துக்குப் பின்னால் வங்கியில் ஒரு வெடிப்பு.
ஒவ்வொரு மழைக்கும் போய் அளந்து
கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வருகிறேன்.
இந்த வருஷம் ஒன்றரை விரல்.
அதை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

இரவு இருட்டில் கையை விரித்துப் பார்த்தேன்,
ஓர் ஆளுக்கான கட்டில் எவ்வளவு அகலம் இருக்கும் என்று.
கை தங்கச்சியின் மூக்கில் பட்டது. ஏசினாள்.
சில நாளாக அவள் கொஞ்சம் தாராளமாகத்தான் புரள்கிறாள்.

"போறேன்னு சொல்லிட்டியா புள்ள?"
இல்லம்மா. படுக்கத்தான் கேட்டிருக்கேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் சம்பளம்.
ஹட்டனுக்குப் போய் ஒரு சின்னப் பூட்டு வாங்கி வந்தாள்.
விடுதியில் ஆளுக்கொரு அலுமாரி இருக்குமாம்,
கலைவதனியின் அம்மா சொன்னாளாம்.
இரண்டு சாவி.
பூட்டுவதற்கு எங்களிடம் எதுவும் இல்லாததால்
தம்பி அதை அரிசி டின்னின் காதில் மாட்டி
திறக்கிறான், பூட்டுகிறான், திறக்கிறான்.

இருபத்திரண்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.