இடுப்பு நூற்றிரண்டு

ஜூன். மயூர் விஹாரில் நாற்பத்துநான்கு டிகிரி.
கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், அழைப்பு மணி.
ஸ்கீ விற்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார்.
கக்கர். சட்டையெல்லாம் வேர்வை, கையில் அளவு நாடா.

பால்கனியில் துணிக்கொடிக்கு அடியில்
இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன.
போன வாரம் பூசிய மெழுகு
வெயிலில் தானே உருகித் தரையில் சொட்டியிருந்தது.
கீழ்வீட்டு சதுர்வேதி ஒருமுறை கேட்டார், இஸ்திரிப் பலகையா?
பாதி சரி. மெழுகு தேய்ப்பது இஸ்திரிப் பெட்டியால்தான்.

அகலமாக இருக்கிறதே, என்றார் கக்கர்.
இடுப்பு நூற்றிரண்டு மில்லிமீட்டர், என்றேன்.
என் இடுப்பைப் பார்த்துவிட்டு
சட்டென்று கூலரைப் பார்த்தார்.

பொய் சொல்லி விற்கத் தெரியாது எனக்கு.
முழங்கால் வரை புதுப்பனி விழுந்த காலையில்
இதற்கு ஈடில்லை. மூக்கு தானே மேலெழும்.
காலுக்குக் கீழே ஒன்றுமில்லாததுபோல்,
சத்தமும் இல்லாமல்,
என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்கும்.

மறுநாள், பலர் உழக்கிய சரிவில், குலுக்கும்.
ஆனால் திட்டாது.

மார்ச் மதியம் பனி கரைந்த குல்ஃபி.
மெலிந்த ஸ்கீ அதில் புதைந்து நிற்கும்,
இது உழுதுகொண்டு போகும்.

மேலே அப்பளம், கீழே மாவு என்று
காற்று சுட்டுவைக்கும் பனி ஒன்று உண்டு.
அதில் எல்லா ஸ்கீயும் ஒன்றுதான். விழ வேண்டியதுதான்.

ஆனால் இரவில் உறைந்து இறுகிய சரிவில்
இதை நம்பாதீர்கள்.
ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய
ஒரு நொடி யோசிக்கும்.
அந்த ஒரு நொடியில், குல்மார்கில்,
அறுபது அடி போனேன். முதுகில்.
என் தொப்பியோடு பின்னால் வந்த தில்ஷாத்
"கண்ணாடி மேல் கட்டிலை ஓட்டுகிறீர்கள், மேடம்" என்றான்.
இதோ அந்தக் கீறல். விரலை வைத்துப் பாருங்கள்.

கக்கர் விரலை வைக்கவில்லை.
நாடாவை நீட்டினார். நூற்றெழுபத்தெட்டு.
"துளை போடலாமா? ஹௌஸ் காஸில் காபிக் கடை திறக்கிறேன்.
கவுண்டருக்கு மேலே, பெருக்கல் குறி மாதிரி."

மின்சாரம் போனது. கூலர் முனகி நின்றது.

சுவர் எப்படி, என்று கேட்டேன். செங்கல்லா?
இல்லை, ஜிப்சம் பலகை.
அப்பளம், என்றேன், அவருக்குப் புரியும் இந்தியில்.
அதுவும் மெனுவில் உண்டு என்றார்,
வெங்காயம், தக்காளியோடு.