பேரின்பராசா பங்கு கேட்கிறான்

களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி, ஏழாம் வாட்டு.
சிறுநீரகத்தில் கல்.
தொட்ட அட்டைபோலச் சுருண்டு கிடக்கிறேன்.
திங்கட்கிழமை பிள்ளைகளுக்குக்
கிரேக்க இன்பவாதம் எடுக்க வேண்டும்.
இன்பவாதம் என்றால் குடியும் கூத்தும் என்று
வருசாவருசம் மூன்று பேராவது எழுதுவார்கள்.

ஊருக்கு வெளியே தோட்டம் வாங்கி
பெண்களையும் அடிமைகளையும் உள்ளே விட்டு
ரொட்டியும் தண்ணியுமாக இருந்துகொண்டு
இன்பம்தான் எல்லாம் என்ற அந்த மனிசனும்
கல்லடைத்துத்தான் செத்தான்.
சாகும் நாளிலும்
கூட்டாளிமாரோடு கதைத்ததை எண்ணி எண்ணிச்
சந்தோசமாகக் கிடந்தானாம்.
போன வருசம் இதை
நம்பாமல்தான் படிப்பித்தேன்.

பேரின்பராசா வந்தான்,
சோடாப் போத்தலில் வாழைத்தண்டுச் சாற்றோடு.
"என்னகா, இன்னும் விழல்லியா?"
கதிரையை இழுத்துப் போட்டு
எனக்குத் தந்த பணிசை அவனே தின்றான்.

வலி ஏறியது. சோதித்துப் பார்ப்போம் என்று
"அந்தச் செருப்புக் கதையைச் சொல்லு" என்றேன்.
வெல்லாவெளிக் கலியாண வீட்டில்
மாப்பிள்ளையின் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு
மண்டூர் மட்டும் நடந்து வந்த கதை.
சிரித்தேன்.
சிரிக்க இன்னும் நொந்தது.
பொய்யடா, கிரேக்கா.

இவனோடு பழக்கம் தொடங்கியதே ஒரு தேவைக்கு.
குறுமண்வெளித் துறையில் பாதைக்கு நிற்கிறோம்,
அடைமழை,
என்னிடம் குடை, அவனிடம் சில்லறை.
தேவையில் முளைத்தது
மறுகா தேவையை மறந்துபோகுமென்று
அந்தத் தோட்டத்து ஆட்கள் சொன்னார்களாம்.
நாங்கள் மறக்கவில்லை.
இரண்டு பேரும் காசு போட்டு வாங்கிய தோணிக்குப்
பதினோரு வருசக் கணக்கு
கலண்டர் பின்பக்கத்தில் கிடக்கிறது,
எண்ணெய், ஆணி, ஒரு துடுப்பு உட்பட.
எல்லாவற்றையும் பொதுவில் போடு என்பதே
நம்பாதவர்களின் பேச்சு என்றவன்
எங்கள் கலண்டரைப் பார்த்திருந்தால்
எந்தப் பக்கம் நின்றிருப்பானோ.

ஒன்பதரைக்கு ஊசி.
முகத்துவாரம் வெட்டிய அன்று
வயலைவிட்டு இறங்கும் வெள்ளம்போல
வலி வடிந்தது.
அடியில் இருந்தது தெரிய வந்தது.
ஒன்றுமில்லை.
மேலே காற்றாடி சுற்றுகிறது.
பக்கத்துக் கட்டிலில் குறட்டை.
கதிரையில் பேரின்பராசா,
வாய் திறந்து நித்திரை,
மீசையில் பணிஸ் தூள்.
சிற்றின்பம் பேரின்பம் என்று
எங்கள் ஆட்கள் பிளந்து வைத்தார்கள்.
இது எதில் சேர்த்தி?
நோகாமல் இருக்கிறது.
இவன் இருக்கிறான்.
இன்னும் வேண்டும் என்று தோன்றவேயில்லை,
ஒரு மூத்திரப் போத்தலைத் தவிர.

விடியச்சாமம் விழுந்தது.
கடுகளவு.
வெட்கமாக இருந்தது,
இதற்கா இவ்வளவு கத்தினேன்.
அவன் லைட்டில் பிடித்துப் பார்த்தான்,
கல்முனை பஸ் டிக்கட்டில் சுற்றிச்
சேர்ட்டுப் பையில் போட்டான்.
"பாதி எனக்கு" என்றான்.
"கலண்டர்ல எழுது."