நாற்பது வினாடி

இரவு இரண்டேகால்.
சுரங்கத்தின் இரண்டு வாயிலிலும் கட்டை இறங்கிவிட்டது.
கடல்மட்டத்துக்குக் கீழே நூற்றெண்பது மீட்டரில் ஓர் அறை,
அறைக்குள் பதினான்கு கணினிகள்,
அவற்றோடு நான்.
மேலே ஃபரோ தீவுகளின் அக்டோபர்
ஆடுகளை ஒருக்களித்து நடக்கவைத்துக்கொண்டிருக்கும்.
இங்கே காற்றென்பது விசிறி தருவது மட்டும்.

அப்டேட் ஒன்றும் பெரிய காரியமில்லை.
கட்டளை கொடு, பட்டை நிரம்பும்வரை காபி குடி,
பிறகு தூங்கவைத்து எழுப்பு.
எழுப்புவதில்தான் இருக்கிறது எல்லாம்.

அணைந்து எழும் கணினிக்குத்
தான் யாரென்று தெரியாது.
பெயர் தெரியாது, மணி தெரியாது,
எந்த விசிறிக்குக் காவல் என்பதும் தெரியாது.
முதற்கணங்களில் ஒரு சின்னக் கோப்பைப் பிரித்துப் படிக்கிறது:
வட்டைத் தேடு, அப்புறம் கடிகாரம்,
மற்றதெல்லாம் அதற்கப்புறம்.
நினைவின்றி எழப்போகிற ஒன்றுக்கு
யாரோ தலைமாட்டில் வைத்துப்போன சீட்டு.

ஆறு எழுந்தன.
ஏழாவது எழவில்லை.
கறுப்புத் திரை. இடது மூலையில்
சிமிட்டும் ஒரு சிறு கோடு.

ஏழாவதுதான் புகையை முகர்வது.
அது எழாமல் விசிறி சுழலாது,
விசிறி சுழலாமல் கட்டை உயராது.
தொலைபேசியில் தோர்டிஸ்:
"வடக்கு வாயிலில் ஹனுஸின் லாரி. பதினெட்டு டன் சால்மன்.
ஐஸ் உருகுகிறதாம்."
இந்தக் குளிரிலா?
"நானும் அதைத்தான் கேட்டேன்.
அவன் வாயில் வந்ததில் உருகியிருக்கும்."

பழைய கர்னலுக்குத் திரும்ப
பூட் பட்டியல் ஐந்து வினாடி தரும்.
முதல் தடவை விரல் பிந்தியது.
இரண்டாம் தடவை பிடித்தேன்.
பழையதும் எழவில்லை.
அதுவரை புதியதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பென் டிரைவிலிருந்து எழுப்பி
உள்ளே போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன்.
மார்ச் பதினொன்று, மாலை நாலு ஐம்பது.
நீக்கிய வரி: வட்டுக்காக நாற்பது வினாடி காத்திரு.
காரணம்: தேவையில்லை.
நீக்கியவர்: ரூன்வா.

ரூன்வா நான்தான்.

ஒன்பது வருடம் முன் ஸ்வெர்ரி எழுதிய வரி அது.
ஏனென்று எழுதவில்லை அவர்.
இப்போது கோபன்ஹேகனில் பெயிண்ட் விற்கிறார்.
கிழட்டு வட்டு; உப்பீரம் குடித்தது;
சுழன்று வேகம் பிடிக்க நேரமாகும்.
எனக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது,
வரி சும்மா நிற்பதுபோல் இருந்தது.

இருநூற்றுப் பதினேழு நாள்.
அத்தனை நாளும் ஏழாவது ஒழுங்காக ஓடியது.
காலைதோறும் பச்சை விளக்கைப் பார்த்து
சரி என்று டிக் போட்டவளும் நானே.
அது விழித்திருந்தவரை என் தவறு தூங்கியது.
அதைத் தூங்கவைத்தேன்,
இது எழுந்துகொண்டது.

வரியைத் திரும்ப எழுதினேன்.
அதன் தலைக்குமேல் இன்னொன்று:
இந்த வட்டு மெதுவாக எழும். அவசரப்படுத்தாதே.
கணினி அதைப் படிக்காது.
அடுத்து கத்தரியோடு வருகிறவர் படிப்பார்,
அதுவும் நானாக இருக்கலாம்.

ரீபூட்.
எண்ணினேன்.
விசிறி நின்ற சுரங்கத்தில்
பாறை கசிந்து வாய்க்காலில் விழும் நீர்
முதன்முறையாகக் காதில் விழுந்தது.
இருபத்திரண்டு. இருபத்து மூன்று.
சிமிட்டும் கோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
முப்பத்தெட்டில் எண்ணிக்கை தவறிவிட்டது.

பிறகு மடமடவென்று எழுத்துகள்.
வட்டு கிடைத்தது. கடிகாரம் கிடைத்தது.
ஏழு என்று தன் பெயரைச் சொன்னது.
எங்கோ தொலைவில் விசிறி
தொண்டையைச் செருமியது.

ஹனுஸின் லாரி அறையைக் கடந்தபோது
கதவு அதிர்ந்தது, காபி தளும்பியது.
ஹாரன் அடித்தான்;
நன்றியா வசையா தெரியவில்லை.

மணி மூன்றரை. இன்னும் ஏழு பாக்கி.
எட்டாவதைத் தூங்கவைக்குமுன்
அதன் பதிவேட்டைத் திறக்கிறேன்,
என் பெயரைத் தேடி.