ஆறு கிழமை

ஐம்பதை எழுபத்தைந்தாகக் கூட்டிவிட்டு
ஆறு கிழமை கழித்து வரச் சொன்னார் டொக்டர்.
வின்னிபெக்கில் அது
முதல் பனி விழுந்ததிலிருந்து
உறைந்த ஆற்றின்மேல் சனம் நடக்கிற வரை.

விடிய வெறுவயிற்றில் குளிசை.
கோப்பிக்கு ஒரு மணித்தியாலம் பொறுக்க வேணும்.
இரத்தம் குடுக்கிற நாளில் மட்டும்
குளிசை கைப்பைக்குள் என்னோடு பஸ் ஏறும்,
குத்தி முடிந்த பிறகு விழுங்க.

ஊசி போடுகிற மரிசெல்
இடக்கையைக் கேட்பதில்லை.
வலக்கை மடிப்பில் ஒளிகிற நரம்பு
அவளுக்குப் பழக்கம்.
மயிர் கொட்டுறது நின்றுதா?
இன்னும் குளிருதா?
ஊர் முழுக்க விறைத்துக் கிடக்க
என் குளிரைத் தனியாக விசாரித்தவள்
அவள் ஒருத்திதான்.

பிறகும் ஓர் ஆறு கிழமை.

இன்றைக்கு டொக்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.
இரண்டு தசம் ஒன்று.
அளவு சரி, இதே குளிசை,
ஆறு மாதத்தில் ஒருக்கால், பிறகு வருஷத்துக்கு ஒருக்கால்
பார்த்தால் போதும்.

சந்தோஷம்தான். நன்றி சொல்லி எழும்பினேன்.

பஸ் தரிப்பில் மைனஸ் இருபத்தாறு.
கையுறைக்குள் விரல் வலித்தது,
பக்கத்தில் நின்ற கிழவனுக்கும் வலித்தது,
அவன் வாய்விட்டே திட்டினான்.
இது வெறும் குளிர்.
எல்லாருக்குமான குளிர்.

மரிசெலுக்குச் சொல்ல வேணும்.
ஆடியில்.