அரை நொடி

ஞாயிறு ஆறரை. வ்ரோத்ஸ்வாஃப் நகரம்,
ஷ்சித்னித்ஸ்கி பூங்காவின் கிழக்கு வாசல்.
பதினொரு பேர், ஒன்பது பைனாகுலர்,
ஆகாதாவின் பிளாஸ்கில் எல்லோருக்குமாய்க் கறுப்புத் தேநீர்.
ஏப்ரலை நம்பிக் கையுறையை விட்டுவந்தது நான் மட்டும்.

பட்டியல் என்னிடம். பன்னிரண்டு வருஷமாய் என்னிடம்தான்.
நீலப் பட்டாணிக்குருவி ஏழு.
பாலத்தடி வாத்துகளை எண்ணும்படி யாரும் சொல்வதில்லை;
எண்ணிவிடுகிறேன்.

பிறகு, ஸ்ப்ரூஸ் மரங்கள் பக்கம் வந்தபோது
சட்டென்று எல்லாத் தலையும் நிமிர்ந்தது.
அந்தக் குருவிதான். ஐந்து கிராம். உச்சியில் மஞ்சள் கீற்று.
ஊசிமுனையால் கண்ணாடியைக் கீறுவதுபோல் பாடும்.
பாடுமாம் என்று எழுதவேண்டும் இனி.
போன வசந்தத்தில் கேட்டேன்.
அதற்கு முந்தியதிலோ? நிச்சயமில்லை.

அரை நொடி பிந்தி நானும் நிமிர்ந்தேன்,
கேட்டுவிட்ட களையை முகத்தில் வரவழைத்துக்கொண்டு,
ஓர் ஓக் மரத்தை நோக்கி.

அதே ஓக்கைப் பார்த்து நின்றார் ஸெனோன்,
டிராம் பணிமனையில் முப்பது வருஷம் சக்கரம் கடைந்தவர்.
விரல்களை உயர்த்தி
"இரண்டு" என்றார், உறுதியாக.

இன்னும் தளிர் விடாத மரம்.
வெறுங்கிளை. ஒளிய இடமில்லை,
குருவிக்கும், எங்களுக்கும்.
அவர் என்னைப் பார்த்தார். என் பென்சிலைப் பார்த்தார்.

இரண்டு என்றே எழுதினேன்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, சிறியதாய்.

கொஞ்ச தூரத்தில் ஏதோ ஒரு தகரக் கூரையை
உளியடிபோல் தட்டத் தொடங்கியது ஒன்று.
"மரங்கொத்தி!" என்றோம் இருவரும்,
யாருக்கும் முன்னால்,
தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

ஆகாதா திரும்பி
உஷ் என்றாள்.