தணிக்கைத் தடைக்கு விளக்கம்

ஐயா,
நாற்பது லிட்டர் டீசல்
எந்த அழைப்பின் பேரில் வழங்கப்பட்டது
என்று கேட்டிருக்கிறீர்கள்.

மஞ்சக்குப்பம், கட்டுப்பாட்டு அறை.
நான்கு தொலைபேசி. ஒன்றில் கரகரப்பு மட்டும்.
பதிவேட்டில் ஏழு கட்டம்:
வரிசை எண், நேரம், அழைத்தவர், ஊர்,
தேவை, யாரிடம் ஒப்படைப்பு, முடிந்ததா.
ஏழாவதை நிரப்பத்தான் எங்களுக்குச் சம்பளம்.

சுவர் வரைபடத்தில் குத்த ஊசியில்லை.
பரிமளகாந்தி கைப்பையைத் துழாவி
ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள்.
மெரூன், படகு.
சின்னச் சிவப்பு, ஆள் சிக்கிய இடம்.
பச்சை, ஜெனரேட்டர். அது ஒன்றுதான் இருந்தது,
அட்டையிலும் கையிருப்பிலும்.

ஒன்பது மணிக்குள் குறிஞ்சிப்பாடிப் பக்கம்
அம்மை வார்த்த முகம் போலாகிவிட்டது.
ஒரே மாடி வீட்டிலிருந்து ஆறு பேர் அழைத்தார்கள்,
மூன்று படகு போய் ஒரே சந்தில் முட்டிக்கொண்டன.
அதன்பிறகு எதிர் வீட்டையும் கேட்டு எழுதினோம்:
தண்ணீர் டேங்க், ரேஷன் கடை,
சங்கு ஊதுகிற முந்திரி ஆலை.

பதினொன்றே காலுக்குத்
துணை வட்டாட்சியர் இருதயராஜ் காலைத் தூக்கிப் பார்த்தார்.
செருப்படியில் ஒரு மெரூன்.
ஈரத்தில் பசைவிட்டு உதிர்ந்தது.
தாழங்குடா அஞ்சாப்புலியின் ஃபைபர் படகு அது.
எட்டிலிருந்து சும்மா கட்டிக் கிடக்கிறது,
சுவரில் இல்லாததால் யாரும் கூப்பிடவில்லை.

அதைத் திரும்ப ஒட்ட எழுந்தபோதுதான் பார்த்தேன்,
பரவனாற்றுக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு கையகலம் வெறுமை.
ஒதியமேடு. நூற்றுப் பன்னிரண்டு குடும்ப அட்டை.
மாலை நாலுக்குப் பிறகு ஓர் அழைப்பும் இல்லை.

'பிரச்சினையில்லாத ஊர் ஒண்ணாவது இருக்கே' என்றார் யாரோ.
ஒரு நிமிடம் நானும் நம்பினேன்,
மறைக்கவில்லை.

பிறகு எழுதினேன். கையெழுத்து என்னுடையதுதான்.
வரிசை எண் 214. நேரம் 11.32.
அழைத்தவர்: யாருமில்லை.
ஊர்: ஒதியமேடு.
தேவை: தெரியவில்லை.
ஒப்படைப்பு: அஞ்சாப்புலி.

இருதயராஜ் சார் இரண்டு முறை படித்தார்.
'நாளைக்கு இதக் கேப்பாங்கம்மா'
சொல்லிக்கொண்டே டீசல் சீட்டில் ஒப்பமிட்டார்.

நாலரைக்கு அஞ்சாப்புலி கிடைத்தார்.
டவர் சாய்ந்து கிடக்கிறதாம்,
ஊர் மொத்தமும் பள்ளிக்கூட மாடியில்.
எத்தனை பேர்? என்றேன்.
'எண்ணிக்கிட்டிருக்கோம்'
பின்னால் யாரோ ஒரு பிள்ளையை அதட்டும் சத்தம்.
அதைவிட நல்ல சத்தம் அன்றிரவு நான் கேட்கவில்லை.
'நடைக்குப் பத்துப் பேருதான் ஏறும்,
டீசல் அனுப்புங்க.'

ஆகையால் ஐயா,
மூன்றாவது கட்டத்தில் உள்ளது எழுத்துப்பிழை அல்ல.

ஏழாவது ஏன் காலி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.
கணக்கில் இரண்டு பேர் இடிக்கிறார்கள்.
அட்டையில் உண்டு, படகில் இல்லை.
திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார்கள் என்கிறது ஊர்.
இருக்கலாம்.
இரண்டு பேரிடமிருந்தும்
இன்னும் அழைப்பு வரவில்லை.